பக்கத்து வீட்டில் அடி விழுந்தால் தெரு என்ன செய்யலாம்? மதுரையில் குழு தொடங்க நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

செல்லூரில் எங்கள் தெருவில் பகல் முழுக்கத் தறிச் சத்தம் இருக்கும். கரன்ட் போகிற நேரத்தில்தான் எந்த வீட்டில் யார் அழுகிறார்கள் என்பது காதில் விழும். அப்படி ஒரு மத்தியானம் கேட்ட அழுகையை அதற்கப்புறம் எங்களால் கேட்காத மாதிரி இருக்க முடியவில்லை. நாலைந்து பேராகப் பேச ஆரம்பித்தோம், அது குழுவாக ஆனது. இப்போது அவனியாபுரத்திலிருந்தும் மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்தும் "நாங்களும் செய்யலாம்னு இருக்கோம், எப்படி ஆரம்பிக்கிறது?" என்று கேட்கிறார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு எங்களுக்குத் தெரிந்த பதில்கள் இவை.

இது புருசன் பொண்டாட்டி விஷயம். மூன்றாம் மனிதர் தலையிடுவது சரியா?

சரிதான். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்தது, 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வீட்டில் வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணம் இருந்தால் யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலரிடம் தகவல் சொல்லலாம் என்று அதன் 4-வது பிரிவு சொல்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ வராது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதில் இடம் உண்டு என்று சட்டமே ஒத்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயத்தையும் யோசித்துப் பாருங்கள். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் அடியோ பாலியல் வன்முறையோ அனுபவித்த பெண்களில் யாரிடமாவது உதவி கேட்டவர்கள் 100-க்கு 14 பேர்தான். மற்றவர்கள் வாய் திறந்து கேட்கட்டும் என்று நாம் காத்திருந்தால், காத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அடித்தால் மட்டும்தான் வன்முறையா?

இல்லை. உடல், பாலியல், வார்த்தை மற்றும் மனம், பொருளாதாரம் என்று நாலு வகையைச் சட்டம் சொல்கிறது. முதல் மூன்றும் எல்லோருக்கும் புரிந்துவிடும். நாலாவதுதான் நம் ஊரில் வன்முறையாகவே கணக்கில் வராது, அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மனைவி பேரில் குழுக் கடன் எடுக்க வைத்துப் பணத்தைக் கணவர் வாங்கிக்கொள்வார். வாரத் தவணைக்கு ஆள் வந்து வாசலில் நிற்கும்போது பதில் சொல்வது அவள். மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை அவள் கணக்கில்தான் ஏறும், ஏ.டி.எம். கார்டோ அவர் சட்டைப் பையில். தாலிக்கொடியைத் தவிர எல்லா நகையும் அடகுக் கடையில், ரசீது யாரிடம் என்றே அவளுக்குத் தெரியாது. அவள் அம்மா வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் மொய், சீர் என்று செய்முறைக்கு ஒரு ரூபாய் தரமாட்டார்கள். ஆனால் இந்த வீட்டு விசேஷத்துக்கு அந்த வீட்டிலிருந்து வந்த செய்முறை பத்தவில்லை என்று மூணு மாதம் குத்திக் காட்டுவார்கள். "அவர் கை நீட்டுறதே இல்லைங்க, தங்கமான மனுசன்" என்று சொல்லப்படும் வீடுகளில்கூட இதைப் பார்த்திருக்கிறோம்.

இந்தச் சட்டம் மனைவிக்கு மட்டும் ஆனதும் இல்லை. ஒரே வீட்டில் வாழும் அம்மா, அக்கா தங்கை, கணவரை இழந்த மருமகள், கல்யாணம் செய்யாமல் கணவன் மனைவி போல வாழும் பெண் என்று எல்லோரும் இதில் வருகிறார்கள். பென்ஷன் பணத்தைப் பிடுங்கிக்கொள்ளும் மகன் மேல் அப்பத்தா ஒருவர் மனு கொடுக்கலாம்.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

எத்தனை பேர் என்பதை விட, யார் எந்த வாசலைத் தாண்டி உள்ளே போக முடியும் என்று பாருங்கள். சந்தேகம் வராமல் வீட்டுக்குள் போகிறவர்கள் சிலர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அங்கன்வாடி ஊழியர், கிராம சுகாதாரச் செவிலியர், மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர், சுகர் பார்க்க வரும் பெண், சுய உதவிக் குழு ஊக்குநர், ஜாக்கெட் தைக்கும் அக்கா. ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கும்போது முதுகில் உள்ள தடம் தெரியும். எங்களிடம் முதலில் தகவல் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு மேல் இப்படிப்பட்டவர்கள்தான்.

மதுரைக்குச் சுய உதவிக் குழு புதிதல்ல. களஞ்சியம் குழுக்கள் இங்கிருந்து வளர்ந்தவை. அந்தக் குழுக்களை முன்னின்று நடத்திய, அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்துக்காரரான சின்னப்பிள்ளை அம்மாவின் காலைத் தொட்டுப் பிரதமர் வாஜ்பாய் வணங்கியதும், 2019-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்ததும் நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். மாதாமாதம் கூடிப் பழகிய பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆகவே புதுச் சங்கம், லெட்டர்பேட் என்றெல்லாம் அலைய வேண்டாம்.

அப்புறம் ஒரு ஆட்டோ ஓட்டுநர் கட்டாயம் வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வருகிறவர், எங்கே இறக்கிவிட்டார் என்பதை யாரிடமும் சொல்லாதவர்.

இத்தனை பேர் இருந்தும் வேலை நடக்காமல் போவது எதனால் தெரியுமா? ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாததால். செவிலியர் "ஸ்டேஷனுக்குப் போ" என்பார், ஸ்டேஷனில் "முதலில் ஆஸ்பத்திரி" என்பார்கள், ஆஸ்பத்திரியில் "வக்கீலைப் பாருங்க" என்பார்கள். போகிற இடத்திலெல்லாம் அந்தப் பெண் முதலிலிருந்து கதையைச் சொல்ல வேண்டும், முதலிலிருந்து அழ வேண்டும். மூன்றாவது இடத்தில் அலுத்துப் போய் வீட்டுக்கே திரும்பிவிடுவார். ஆகவே எங்கள் முதல் விதி இதுதான்: ஒரு பெண்ணுக்கு ஒரு ஆள். கடைசி வரை கூடப் போவது அந்த ஒருவர்தான். தேதி, நடந்தது, போன இடம், பார்த்த அதிகாரி எல்லாவற்றையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் அவரே எழுதி வைப்பார். அடுத்த மேசையில் அந்தப் பெண் வாய் திறப்பதற்கு முன்னால் இந்த நோட்டு பேசும். நோட்டு அந்தப் பெண்ணுக்குச் சொந்தம், அவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

சந்தேகம் வந்தால் எப்படிக் கேட்பது?

எப்படிக் கேட்கக் கூடாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே அந்தத் தப்பைச் செய்தேன். குழுக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. சித்திரை மாத வெயில், ஃபேன் சுற்றியும் வியர்த்துக் கொட்டுகிறது, ஒருவர் மட்டும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கையெழுத்து நோட்டு அவரிடம் வந்தபோது பேனாவை இடது கையில் பிடித்தார். எழுத்து கோணலாகப் போனது. எப்போதும் வலது கையால் எழுதுகிறவர். "என்னக்கா, கைக்கு என்ன ஆச்சு? அடிச்சாரா?" என்று பதினைந்து பேர் முன்னால் கேட்டுவிட்டேன். "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்" என்றார். அடுத்த இரண்டு மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. நான் கேட்டது அன்று சாயங்காலமே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அதற்கும் சேர்த்து வாங்கியிருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது.

தனியாக இருக்கும்போது கேளுங்கள். குழாயடியில், துணி காயப்போடும் மாடியில், பிள்ளையைக் கூப்பிடப் போகும் பள்ளிக்கூட வாசலில். "வீட்டுல நிம்மதியா இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு விடுங்கள். பதில் அன்றைக்கே வர வேண்டும் என்று இல்லை. சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசாதீர்கள். "நீங்க என்ன சொன்னீங்க, அவர் அடிக்கிற அளவுக்கு?" என்ற கேள்வி மட்டும் வாயில் வரவே கூடாது. அனுசரித்துப் போ என்றும் சொல்ல வேண்டாம், உடனே வெளியே வா என்றும் சொல்ல வேண்டாம். முடிவு அவருடையது.

இந்த நிமிடம் அடி விழுகிறது. என்ன செய்வது?

112-க்குப் போன் செய்யுங்கள். யாராவது ஒருவர் போன் பேசும்போதே இன்னும் இருவர் அந்த வீட்டுக் கதவைத் தட்டலாம். "ஏன் அடிக்கிறே?" என்று கேட்கப் போக வேண்டாம். "மதினி, குழாயில தண்ணி வந்துருச்சு, குடத்தை எடுத்துட்டு வாங்க" என்றால் போதும். தண்ணீர் வந்தால் எல்லோரும் ஓடுகிற ஊர் இது, யாருக்கும் வித்தியாசமாகத் தோன்றாது. ஓங்கிய கை கீழே இறங்கவும், அந்தப் பெண் வாசலுக்கு வரவும் அந்த ஒரு நிமிடம் உதவும். கத்தி, மண்ணெண்ணெய் என்று எதையாவது கையில் எடுத்திருந்தால் உள்ளே போகாதீர்கள். தெருவில் நின்று ஆளைக் கூட்டுங்கள், போலீஸ் வரட்டும்.

கழுத்தை நெரித்தான் என்று ஒரு பெண் சொன்னால், வெளியில் தடம் எதுவும் தெரியாவிட்டாலும் அதை மற்ற அடிகளோடு சேர்க்காதீர்கள். உள்காயம் பிறகு மூச்சுத் திணறலாக வெளிப்படலாம். ஒருமுறை நெரித்தவன் அடுத்த முறை கொல்லவும் கூடும். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

எந்த எண், எந்த அலுவலகம்?

181 பெண்கள் உதவி எண், 24 மணி நேரமும் உண்டு. அவசரத்துக்கு 112, குழந்தைகளுக்கு 1098, இலவசச் சட்ட உதவிக்கு 15100. எங்கள் தெருவில் இவற்றைத் தனித் தாளாக ஒட்டவில்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணும் நம்பர், கரன்ட் ஆபீஸ் நம்பரோடு கலந்து ஒரே அட்டையில் அச்சடித்து எல்லா வீட்டுக்கும் கொடுத்தோம். அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

பாதுகாப்பு அலுவலர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இருப்பார். கலெக்டர் ஆபீஸில் விசாரித்தால் வழி சொல்வார்கள். அந்தப் பெண் சொல்வதை வைத்துக் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. சகி ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சிகிச்சை, போலீஸ் உதவி, சட்ட ஆலோசனை, மனநல ஆலோசனை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பிள்ளைகளோடு ஐந்து நாள் வரை தங்கலாம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்ற கவலை வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வக்கீல் வைத்துத் தரும். மாவட்ட நீதிமன்றத்திலும் தாலுகா நீதிமன்றங்களிலும் கேளுங்கள்.

சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து கட்டணம் இல்லை. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் வீட்டில் பத்து ரூபாய்கூடக் கேட்டு வாங்க வேண்டிய பெண், யாரிடமும் கணக்குச் சொல்லாமல் கலெக்டர் ஆபீஸ் போய்வர முடிவது இதனால்தான்.

ஆஸ்பத்திரியில் என்ன சொல்ல வேண்டும்?

உள்ளதைச் சொல்ல வேண்டும். பெரியாஸ்பத்திரியில் காயத்தோடு போனால் ஏ.ஆர். போடுவார்கள், அதாவது விபத்துப் பதிவேட்டில் எழுதுவார்கள். கூட வந்த மாமியார் முந்திக்கொண்டு "மாடிப்படியில விழுந்துட்டா" என்று சொல்லிவிட்டால் அதுதான் பதிவாகும், ஒரு வருடம் கழித்துக் கோர்ட்டில் அந்த ஒரு வரி எதிராக நிற்கும். கூடப் போகும் நம் ஆள் செய்ய வேண்டியது, டாக்டர் கேட்கும் அந்த இரண்டு நிமிடம் அந்தப் பெண் தனியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது. நாங்கள் மாமியாரை ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்க அனுப்பியிருக்கிறோம். தேதி தெரியும்படி காயத்தைப் போட்டோ எடுத்து வையுங்கள், அந்தப் பெண்ணின் போனில் அல்ல, நம்பிக்கையான வேறு ஒருவர் போனில்.

ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்களே?

"இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று அவரிடம் எழுதி வாங்கி, அதே ஆட்டோவில் இருவரையும் ஏற்றிவிடுவது நடக்கத்தான் செய்கிறது. புகாரை எழுத்தில் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் எழுந்து வராதீர்கள். புகாரை வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் மேலே அனுப்புங்கள், நகருக்குக் கமிஷனர், மற்ற பகுதிகளுக்கு எஸ்.பி. கணவரோ அவர் வீட்டாரோ கொடுமை செய்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவில் குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. பழைய 498-ஏ தான் 2024 ஜூலை 1 முதல் இந்த எண்ணில் இருக்கிறது.

நிறையப் பெண்கள் "அவரை உள்ளே தள்ள வேண்டாம், அடிக்காமல் இருந்தால் போதும்" என்கிறார்கள். அவர்களுக்கு 2005 சட்டம்தான் பொருத்தம். நேராக மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். அடிக்கக் கூடாது, நெருங்கக் கூடாது என்று பாதுகாப்பு உத்தரவு, வீட்டைவிட்டு வெளியேற்றக் கூடாது என்று குடியிருப்பு உத்தரவு, ஜீவனாம்சம், பிள்ளைகள் யாரிடம் இருப்பது, எல்லாம் ஒரே மனுவில் கேட்கலாம். வீடு மாமனார் பேரில் இருக்கிறது, உனக்கு இங்கே உரிமை இல்லை என்று மிரட்டுவார்கள். சேர்ந்து குடித்தனம் நடத்திய வீடு என்றால் அது மாமனார் பேரில் இருந்தாலும் அங்கே வசிக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறையோ 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். மனுவை 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் பெரும்பாலும் இழுக்கும். வாய்தாவுக்கு வாய்தா கூடப் போக ஆள் இருந்தால்தான் அந்தப் பெண் தாக்குப்பிடிப்பார், நம் குழுவுக்கு வேலை அங்கேதான் அதிகம்.

ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி முடிக்கலாமா?

வேண்டாம். அடித்தவரும் அடி வாங்கியவரும் ஒரே ஜமுக்காளத்தில் உட்கார்ந்தால் அங்கே அவள் உண்மையைப் பேச மாட்டாள். பேசினால் ராத்திரி அதற்குக் கூலி உண்டு. பெரியவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது: அவன் தனியாக இருக்கும்போது, அவன் மதிக்கும் ஒருவர் போய் "இது ஊருக்குத் தெரியும், நாங்க பாத்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்வது. அதையும் அந்தப் பெண் சரி என்று சொன்ன பிறகுதான்.

குடிதானே காரணம்? டாஸ்மாக்கை மூடினால் சரியாகிவிடாதா?

குடி அடியைக் கூட்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் குடித்துவிட்டு வருகிறவர் வழியில் டீக்கடைக்காரரை அடிப்பதில்லை, முதலாளியை அடிப்பதில்லை. அத்தனை பேரையும் தாண்டி வீட்டுக்கு வந்துதான் கை நீட்டுகிறார். யாரை அடித்தால் கேட்க ஆள் இல்லை என்பது போதையிலும் அவருக்குத் தெரிகிறது. குடியை நிறுத்த மருத்துவ உதவி வாங்கிக் கொடுங்கள், நல்லது. குடி நின்றதும் அடியும் நின்றுவிடும் என்று மட்டும் அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

எங்கள் குழுவில் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள், ஒருவர் தறி மெக்கானிக். தறிக்கூடத்தில் யாராவது "நேத்து நாலு போட்டேன், சரியாயிட்டா" என்று பெருமை பேசினால் சிரிக்காமல் எழுந்து போய்விடுவதுதான் முதலில் அவர் செய்தது. மற்றவர்களும் சிரிப்பதை நிறுத்த ரொம்ப நாள் பிடித்தது.

வீட்டை விட்டுப் போக ஒரு பெண் முடிவு செய்துவிட்டார். எப்படித் தயாராவது?

கிளம்பும் நேரமும் அதையொட்டிய வாரங்களும்தான் மிக ஆபத்தானவை, கை நழுவுகிறது என்று தெரியும்போது கோபம் கொலை வரை போகலாம். ஆகவே "நான் போறேன்" என்று சண்டையில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டாம். முன்கூட்டியே ஒரு பை வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு நகல், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் மருந்துச் சீட்டு, ஒரு செட் துணி, கொஞ்சம் பணம். பை வேறு ஒருவர் வீட்டில் இருக்கட்டும். போனில் 181-க்குப் பேசிய பதிவை அழித்துவிடச் சொல்லுங்கள்.

சாதி மாறிக் கல்யாணம் செய்தவர் என்றால்?

"அம்மா வீட்டுக்குப் போய் இரு" என்று பழக்கத்தில் வாயில் வந்துவிடும். நம் பக்கத்தில் சாதி மாறிக் கல்யாணம் செய்த பெண்ணுக்கு அம்மா வீடே உயிருக்கு ஆபத்தாக இருக்கலாம். புருசன் வீட்டில் அடி வாங்குவதை வெளியே சொன்னால் "நீயாத் தேடிக்கிட்டது" என்பார்கள் என்று பயந்து மற்றவர்களைவிட அதிக நாள் பொறுத்துக்கொள்வதும் இவர்கள்தான். நேராகச் சகி மையமோ அரசு விடுதியோ போக ஏற்பாடு செய்யுங்கள். இப்படிப்பட்ட தம்பதிகள் புகார் சொல்ல ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு வைக்க வேண்டும் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது, எஸ்.பி. அலுவலகத்தில் அதைக் கேளுங்கள்.

பிள்ளைகளுக்கும் நடந்தால்?

1098. குழந்தைக்குப் பாலியல் வன்முறை என்று தெரிந்தால் அங்கே "அவர் முடிவு" என்று காத்திருக்க முடியாது. போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீஸில் சொல்லியே ஆக வேண்டும்.

கிராமத்தில் எல்லோரும் சொந்தக்காரர்கள். அங்கே எப்படி?

கஷ்டம்தான், மறைக்கவில்லை. ஒருவரிடம் சொன்னது பொழுது சாய்வதற்குள் மாமனார் காதுக்குப் போய்விடும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு குழு, இரண்டு பக்கத்து ஊர்கள் மாற்றிப் பார்த்துக்கொள்வது என்று வைத்திருக்கிறார்கள். இந்த ஊர்ப் பெண்ணுக்கு அந்த ஊர் ஆள், அந்த ஊர்ப் பெண்ணுக்கு இந்த ஊர் ஆள். எங்களுக்கே தோன்றாத யோசனை. கிராம சபை வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. யார் பேரையும் சொல்லாமல், "உதவி எண்களைப் பள்ளிக்கூடத்திலும் ரேஷன் கடையிலும் எழுதி வைக்க வேண்டும்" என்று ஒரு தீர்மானம் போட்டுப் பாருங்கள். யார் அதை எதிர்க்கிறார்கள் என்பதும் உங்களுக்குப் பயன்படும் தகவல்தான்.

இத்தனையும் செய்த பிறகு அவர் திரும்ப அவனிடமே போய்விட்டால்?

போவார்கள். பிள்ளைகளுக்காக, வாடகைக்குப் பணம் இல்லாததால், தங்கைக்கு வரன் பார்க்கிறார்கள் என்பதால், சில நேரம் அவர்மேல் இருக்கும் பிரியத்தால். "இதுக்கா இவ்வளவு அலைஞ்சோம்?" என்று குழுவில் யாராவது சொல்வார்கள். அதை அந்தப் பெண் காதில் விழும்படி சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர் நம் கதவைத் தட்ட மாட்டார்.

இடது கையால் கையெழுத்துப் போட்டவர் மூன்றாம் மாதம் கூட்டத்துக்கு வந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அதற்குப் பின் ஒரு சாயங்காலம் கறிவேப்பிலை கேட்டு வந்து, ஒரு மஞ்சப்பையைக் கொடுத்து "இது இங்க இருக்கட்டும்" என்றார். இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பை என் பீரோவின் கீழ்த்தட்டில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. போன ஜூன் மாதம் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று வந்து எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் காலையில் திருப்பிக் கொண்டுவந்து, தானே பைக்குள் வைத்து முடிச்சுப் போட்டுவிட்டுப் போனார்.